திரைக்கு அந்தப் பக்கம் இருந்த கை

ஜூலை 4

ஊசியக்காவுக்கு,

என் முகம் உங்களுக்குத் தெரியாது. குரல் ஒருவேளை நினைவிருக்கலாம். மார்ச் மாதம் எங்கள் பள்ளிக்கு ரத்தம் பார்க்க வந்தபோது, ஆய்வகத்தில் நீலப் போர்வை ஒன்றைத் திரையாகக் கட்டி, நடுவில் கை நுழைகிற அளவுக்கு வெட்டினீர்கள். "ஊசியைப் பாத்தாத்தான் பயம். பாக்கலேன்னா எறும்புக் கடி" என்றீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தது நான்தான். அப்போது ஒன்பதாம் வகுப்பு லீடர், இப்போது பத்தாம் வகுப்புக்கும் நான்தான்.

அன்று நீங்கள் கொடுத்த அட்டையின் பின்னால் அச்சடித்திருந்த சுகாதார நிலையத்தின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். உங்களை அங்கிருந்து வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாக டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள். யாராவது இதைத் திருப்பி உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

வெட்டுக்கிளியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால் நீளம், அதனால் அந்தப் பெயர். உங்கள் பட்டியலில் இருபத்துமூன்றாவது. ஜூன் பதினான்காம் தேதி, நான்கு பள்ளிகள் ஓடிய தொடர் ஓட்டத்தில், கடைசிச் சுற்று ஓடும்போது மைதானத்தில் விழுந்தாள். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாள். பிறகு இல்லை. அங்கே பார்த்தபோது ரத்த அளவு ஐந்துகூட இல்லையாம். நீங்கள் எழுதிக் கொடுத்த பச்சை அட்டையில் பன்னிரண்டு புள்ளி மூன்று இருக்கிறது.

ரத்தம் குறைவு என்று சிவப்பு அட்டை வந்திருந்தால் தினமும் மதியம் முட்டை, மாத்திரை, மருத்துவமனைக்குச் சீட்டு எல்லாம் கிடைத்திருக்கும். பச்சை அட்டைக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நீங்கள் ஊசியே குத்தாமல் எண்ணை எழுதிவிட்டீர்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் குத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கருவி தப்பாகக் காட்டுமா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளிக்கு எதிரில் சீருடை தைக்கும் கடை இருக்கிறது. தையல்காரம்மா வாங்கி வைப்பார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். போனும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையை விட்டு இறங்காது. அம்மா தூங்கிய பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

லீடர்


ஜூலை 11

லீடருக்கு,

உன் கடிதம் இரண்டு அலுவலகம் சுற்றி என்னிடம் வந்தது. இப்போது நான் ஒரு மருந்துக் கிடங்கில் இருக்கிறேன். காலாவதித் தேதி பார்த்துப் பெட்டிகளை அடுக்குவதுதான் வேலை. பெட்டிகள் கையை நீட்டுவதில்லை. பயப்படுவதும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: கருவி தப்புக் காட்டும். அரைப் புள்ளி, மிஞ்சினால் ஒரு புள்ளி. ஏழு புள்ளி காட்டாது. அன்று காலை என் விரலைக் குத்தித்தான் அதைச் சோதித்தேன்.

இனி நான் கேட்கிறேன். உன்னை எழுதச் சொன்னது யார்? தலைமையாசிரியை என்றால் அவரிடம் சொல், எனக்கு எதிராக எழுதுவதற்கு ஏற்கனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் திரை கட்டியதற்கு ஒரு விளக்கம், பொய் எண் எழுதியதற்கு ஒரு விளக்கம் என்று இரண்டு கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் ஆறாம் தேதி விசாரணை.

யாரும் சொல்லாமல் நீயாகத்தான் எழுதினாய் என்றால், இதற்குப் பதில் சொல். ஊரே நான் குத்தவில்லை என்கிறது. குத்தினேன் என்று உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அந்தப் பெண்ணைப் பற்றியும் எழுது. முகம் எனக்கு நினைவில்லை. முகத்தை நான் பார்க்கவே இல்லை. படுத்தால் கைகள்தான் வருகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. எந்தக் கை அவளுடையது என்று தேடுகிறேன். படி ஏறினால் மூச்சு வாங்குமா? நகம் வெளுத்திருக்குமா? சாப்பாடு அல்லாத எதையாவது தின்பாளா?

ஊசியக்கா

(இந்தப் பெயரை யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்புக் கடைசி பெஞ்ச். காதில் விழுந்தது.)


ஜூலை 17

ஊசியக்காவுக்கு,

யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதுவது தெரிந்தால் அப்பா என்னைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடுவார்.

வெட்டுக்கிளி சாக்பீஸ் தின்பாள். நாங்கள் அதைக் கேலி செய்வோம். "டீச்சர் எழுதறதுக்குள்ள பாடத்தையே தின்னுட்டா பாரு" என்பேன். அவளும் சிரிப்பாள், பல்லெல்லாம் வெள்ளையாக. லீடர் என்பதால் சாக்பீஸ் பெட்டி என்னிடம்தான் இருக்கும். தினமும் இரண்டு எடுத்துக் கொடுப்பேன். மாதத்தில் பத்து நாள் அவளுக்கு உதிரம் நிற்காது. என்னிடம் மட்டும் சொன்னாள். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வாள். செருப்பு நன்றாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் நோய் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை அக்கா. அவளுக்குப் பச்சை அட்டை வந்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. விளையாட்டு டீச்சர், "உடம்புல ரத்தம் நல்லா ஓடுது, கால்தான் ஓட மாட்டேங்குது. சோம்பேறி!" என்றார். அவள் அம்மாகூட அட்டையைப் பார்த்துவிட்டு, "அப்புறம் என்னடி உனக்கு, எப்பப் பாரு படுத்துக்கிட்டு?" என்று எழுப்பிவிட்டார்களாம்.

அவள் அம்மா யார் என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கள் பள்ளிச் சமையலம்மா. அன்று உங்களுக்கு டீ கொண்டுவந்தார்களே, அவர்கள்தான். நான் அத்தை என்று கூப்பிடுவேன். முந்நூற்று நாற்பது பேருக்கு அவர்கள்தான் சமைக்கிறார்கள். விடியும் முன் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவதால், வெட்டுக்கிளி காலையில் என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா என்றே அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் சாப்பிட மாட்டாள்.

பத்து நாள் விடுப்புக்குப் பிறகு திரும்ப வேலைக்கு வந்துவிட்டார்கள். வரிசையில் என் முறை வந்தால் கரண்டி நிற்கிறது. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு என்று எண்ணி வைத்த முட்டையில் ஒன்று எப்படியோ மிஞ்சி என் தட்டில் விழுகிறது. "நீயாவது சாப்பிடு கண்ணு" என்கிறார்கள். நான் மென்றுகொண்டே இருக்கிறேன். உள்ளே இறங்குவதில்லை. நேற்றும் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்ச் சுவருக்குப் பின்னால் புதைத்தேன். இதுவரை பதினொன்று.

வருகைப் பதிவேட்டில் இன்னும் அவள் எண்ணை எடுக்கவில்லை. டீச்சர் பழக்கத்தில் "இருபத்துமூணு" என்று கூப்பிட்டுவிடுகிறார். வகுப்பு அப்படியே உறைந்துவிடும். போன வாரம் அந்த அமைதியில் ஒரு குரல் "உள்ளேன் டீச்சர்" என்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான், சொன்னது நான் என்று தெரிந்தது.

எழுதும்போது சில சமயம் பின்னால் சாக்பீஸ் மெல்லும் சத்தம் கேட்கிறது. நறுக், நறுக் என்று. திரும்புவதில்லை.

நீங்கள் குத்தினீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அவளுக்கு ஊசி என்றால் ரொம்பப் பயம். அழுதாள். அதனால் அவளுக்குப் பதிலாக நான் கையை நீட்டினேன். அவள் அட்டையில் இருப்பது என் ரத்தம்.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா.

லீடர்


ஜூலை 23

லீடருக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் கையில் வைத்திருந்தேன். முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் நிம்மதி. இனி நான் தப்பித்துவிடலாம் என்ற நிம்மதி. அதை நினைத்து மூன்றாம் நாள் வெட்கமாக இருந்தது. நான்காம் நாள் ஒரு கை நினைவுக்கு வந்தது.

உங்கள் வகுப்பில் முதல் ஆளாகக் கையை நீட்டியது நீ. மற்றவர்கள் பயப்படக் கூடாது என்று. நான் எல்லோரையும் இடது கையைத்தான் நீட்டச் சொன்னேன், எழுதுகிற கை வலிக்கக் கூடாது என்பதற்காக. எல்லோரும் இடது கையை நீட்டினார்கள். இருபத்துமூன்றாவதாக வந்தது வலது கை. நடுவிரலில் பேனா மை. நகம் ஓரம் வரை கடித்திருந்தது. உன் இடது கை நகங்களும் அப்படித்தான் இருந்தன.

பார்த்தேன். ஒரு நொடி ஏதோ உறுத்தியது. திரையைத் தூக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வண்டி பன்னிரண்டரைக்கு வந்துவிடும், நூற்றுநாற்பது பேரை முடித்தாக வேண்டும், நான் ஒருத்தி. பஞ்சை வைத்துத் துடைத்தேன். குத்தினேன். எழுதினேன். "அடுத்து" என்றேன்.

ஆகவே உன்னை மட்டும் குற்றம் சொல்ல என்னிடம் வாய் இல்லை.

ஆனால் நீ பாதிதான் எழுதியிருக்கிறாய். பயந்து அழுகிற பிள்ளைக்கு அடுத்தவள் செய்வது தோளைப் பிடிப்பது, "ஒண்ணுமில்லடி" என்று சொல்வது. தன் விரலை இரண்டாம் தடவை குத்தக் கொடுக்க மாட்டாள். பதினைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். ஏன் கொடுத்தாய்?

இன்னொன்று, இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் அன்று நூற்றுநாற்பது பேர் இருந்தீர்கள். நீ ஒருத்திதான் கையை மாற்றினாயா?

ஊசியக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

மீதிப் பாதியையும் எழுதுகிறேன்.

அவள் அழவில்லை. அழுதாள் என்று எழுதியது பொய். ஊசிக்கு அவள் பயந்ததே இல்லை. வரிசையில் நின்றபோது, "எனக்குச் செவப்புதான் வரும்னு தோணுதுடி. தலை சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். சிவப்பு வந்தால் முட்டை கிடைக்கும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

சிவப்பு அட்டைக்காரர்கள் போட்டியில் ஓடக் கூடாது என்று விளையாட்டு டீச்சர் முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் மூன்றாவது சுற்று, அவள் நான்காவது. அவள் இல்லையென்றால் எங்கள் அணி இல்லை. போன வருடம் கடைசியாக வந்தோம். இந்த வருடம் மேடையில் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்குத்தான்.

"நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். "அக்காவுக்குத் தெரிஞ்சிடும்டி" என்றாள். "திரைக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்? கை எல்லாம் ஒரே மாதிரிதான்" என்று சொல்லி அவள் கையைத் தட்டிவிட்டு, என் கையை நுழைத்தேன். அவள் ஏற்கனவே கையை நீட்டியிருந்தாள் அக்கா. ஓட்டைக்குள் பாதி போயிருந்தது. நான் இழுத்துவிட்டேன்.

இப்போது கனவில் அந்தப் போர்வை வருகிறது. ஓட்டை வழியாக ஒரு கை வருகிறது. நான் தட்டிவிடுகிறேன். திரும்ப வருகிறது.

நீங்கள் கேட்ட இன்னொன்று. ஆமாம், நான் மட்டும் இல்லை. நான் செய்ததை ஏழாம் வகுப்பு லீடர் பார்த்தாள். அவள் வகுப்பில் இரண்டு பேர் உண்மையாகவே ஊசிக்குப் பயந்து அழுதார்கள். அவர்களுக்காக அவள் கையைக் கொடுத்தாள். பெரிய உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரிடமும் பச்சை அட்டை இருக்கிறது. அதில் ஒருத்தியை எல்லோரும் பொத்தான் என்பார்கள், அவ்வளவு சின்ன உருவம். நேற்று அவள் மாடிப்படியில் நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நான் கீழேயே நின்றுவிட்டேன். மேலே ஏற முடியவில்லை.

சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வாய் வரவில்லை. சொன்னால் அத்தை என்னை எப்படிப் பார்ப்பார்கள்?

லீடர்


ஜூலை 31

லீடருக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கையில் கிடைத்த அன்றே சொல்லிவிடு. விசாரணைக்குக் காத்திருக்காதே. எனக்காகச் சொல்ல வேண்டாம். என் வேலை போனால் எனக்குக் கைகால் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன். பொத்தானுக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பள்ளியில் நான் எடுத்த சோதனை செல்லாது, எல்லோருக்கும் மறுபடி பார்க்க வேண்டும் என்று இன்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். வலது கை வந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டேன் என்றும் எழுதினேன். உன் பெயர் அதில் இல்லை. ஆனால் அலுவலகம் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வாரம் குடியிருக்கும்.

முதலில் தலைமையாசிரியையிடம் போகாதே. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அந்தப் பள்ளியில் யார் பேச்சைத் தட்டிக்கழிக்க முடியாதோ அவரிடம் சொல். யார் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் பயப்படுகிறாய்.

அவர்கள் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. நல்லபடியாகப் பார்ப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஊசியக்கா


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மூன்றாம் தேதி காலை தையல் கடையில் உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் மணி அடிக்கும் முன் சமையல்கூடத்துக்குப் போனேன். அத்தை பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "என்ன கண்ணு, இந்நேரத்துல? பசிக்குதா?" என்றார்கள்.

நின்றபடியே சொன்னேன். ஓட்டத்துக்காக என்பதையும், அவள் கையை இழுத்ததையும் சொன்னேன். சாக்பீஸ் கொடுத்ததையும். பொத்தானையும் இன்னொருத்தியையும் பற்றிக் கடைசியாகச் சொன்னேன்.

அத்தை அழவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை முந்தானையில் துடைத்தார்கள், ரொம்ப நேரம் துடைத்தார்கள். அப்புறம் குனிந்து அடுப்பை அணைத்தார்கள்.

தலைமையாசிரியை அறைக்கு அவர்கள் முன்னால் போனார்கள், நான் பின்னால். அங்கே பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், எல்லாப் பிள்ளைங்களுக்கும் மறுபடி ரத்தம் பாக்கணும். இன்னைக்கே சொல்லி அனுப்புங்க."

"அதுக்கு மேலேருந்து உத்தரவு வரணும்மா. விசாரணை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"சரி மேடம். உத்தரவு வரட்டும். நானும் அப்பவே அடுப்பு மூட்டறேன்."

"என்ன பேசறீங்க? முந்நூறு பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

"ஒரு வேளை கிடக்கட்டும். என் பொண்ணு பச்சை அட்டையை வச்சுக்கிட்டு மூணு மாசம் கிடந்தா. யாருக்கும் தெரியல. எனக்கே தெரியல."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "நீ வகுப்புக்குப் போ" என்றார். அத்தை திரும்பாமலேயே, "அவ இருக்கட்டும்" என்றார்கள். தலைமையாசிரியை போனை எடுத்தார்.

மறுநாளே சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். திரை இல்லை. முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, குத்தினார்கள். பொத்தானுக்கு ஆறு புள்ளி இரண்டு. அவளை அப்போதே வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். இன்னொருத்திக்கு எட்டு, சிவப்பு அட்டை. இன்று மாலை பொத்தானின் அப்பா வந்தார். ரத்தம் ஏற்றுகிறார்களாம், பேசுகிறாளாம், மருத்துவமனைச் சாப்பாடு நன்றாக இல்லை என்று சண்டை போடுகிறாளாம்.

விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை நீங்கள் வரும்போது அது மேஜையில் இருக்கும், இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும். என்னை லீடர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை. இனிமேல் நான் லீடர் இல்லை. உங்களுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

நேற்று மதியம் அத்தை எனக்கு மற்றவர்களுக்குப் போட்ட அளவுதான் போட்டார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணு என்று கூப்பிடவில்லை. இனி கூப்பிட மாட்டார்கள் என்று புரிந்தது. சாப்பிட்டேன். உள்ளே இறங்கியது.

இன்று மாலை பள்ளி விட்டதும், சமையல்கூட வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லாமல், "இங்க வா" என்று. பக்கத்தில் போய் நின்றேன். கையில் இருந்த பாத்திரத்தைத் தேய்த்து முடித்தார்கள்.

"அன்னைக்கு நான் மைதானத்துக்கு வரல. மதியச் சாப்பாட்டு வேலை" என்றார்கள். "எப்படி ஓடினா?"

யாரும் இதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை அக்கா. எங்கே விழுந்தாள், எப்போது விழுந்தாள், யார் தூக்கினார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"நான் கட்டையைக் கொடுக்கும்போது நாம நாலாவது அத்தை. கடைசி. அவ வாங்கினதும் தெரியல, போனதும் தெரியல. வளைவுல ஒருத்தியத் தாண்டினா. நேர்க்கோட்டுல இன்னொருத்திய."

பாத்திரத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு பேரையா?"

முன்னால் இன்னும் ஒருத்திதான் இருந்தாள். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போதுதான் விழுந்தாள். மூன்று என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அவர்கள் மைதானத்தில் இல்லை, அவர்களுக்குத் தெரியாது.

"ஆமா அத்தை" என்றேன். "ரெண்டு பேரை."